படிக்க முடியாத தூண்

டில்லி மாநகரில், கிரிக்கெட் மைதானம் ஒன்றை ஒட்டி, பெரோஸ் ஷா கோட்லா என்னும் இடிந்த கோட்டை இருக்கிறது. அதனுள்ளே அடுக்கடுக்காக எழுப்பப்பட்ட ஒரு கட்டடத்தின் உச்சியில், ஒரே கல்லாலான தூண் ஒன்று நிற்கிறது. அதன் நீளம் ஏறத்தாழ 13 மீட்டர். மாமன்னர் அசோகர் தம் ஆணைகளைப் பொறித்த தூண் அது. பேரரசுகள் எழுவதையும் விழுவதையும் பற்றிச் சிந்திக்க விரும்புபவர் அதன் நிழலில் அரை மணி நேரம் அமர்ந்திருந்தால் போதும். உலக சரித்திரம் முழுவதுமே அங்கே கண்முன் நடந்துபோகும்.

அந்தத் தூண் முதலில் இருந்த இடம் டில்லி அன்று. இன்றைய ஹரியாணாவிலுள்ள தோப்ரா என்னும் சிற்றூர். 1351 முதல் 1388 வரை டில்லியை ஆண்ட சுல்தான் பெரோஸ் ஷா துக்ளக் அதைக் கண்டு வியந்து, தம் புதிய நகருக்குக் கொண்டுவர விரும்பினார். அது வந்த விதத்தை அக்கால வரலாற்றாசிரியர் ஷம்ஸ்-இ-சிராஜ் அஃபீஃப் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சைக் குவித்து, மெத்தைமீது குழந்தையைக் கிடத்துவதுபோல் மெல்லச் சாய்த்தார்களாம். பிறகு நாணலாலும் தோலாலும் சுற்றி, 42 சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றி, ஆயிரக்கணக்கானோர் இழுத்து, யமுனையில் படகுகளில் கொண்டுவந்தார்களாம்.

தூண் நிமிர்ந்தது. அதில் எழுதியிருப்பது என்ன என்று அறிய சுல்தான் பண்டிதர்களை வரவழைத்தார். ஒருவராலும் படிக்க முடியவில்லை. அசோகரின் எழுத்தை நாடே மறந்துவிட்டிருந்தது. ஆனால் சிலர் மட்டும், 'பெரோஸ் என்றொரு சுல்தான் தோன்றும் வரையில் இத்தூணை யாராலும் அசைக்க முடியாது என்றே இதில் எழுதியிருக்கிறது' என்று பொருள் கூறினார்களாம்! இதையும் அஃபீஃப் குறித்திருக்கிறார். படிக்கத் தெரியாதவர்கள் அரசரின் பெயரையே அதில் படித்துவிட்டார்கள்.

பெரோஸ் ஷா மறைந்தபின் நெடுநாள் நிலைக்கவில்லை அந்த அரசின் வலிமை. 1398இல் தைமூரின் படை டில்லியைச் சூறையாடியது. தூண் மட்டும் நின்றது.

மானும் குதிரையும்

இதைப் படிக்கும்போது எனக்குச் சீன சரித்திரம் நினைவுக்கு வரும். அசோகருக்குச் சற்றுப் பிந்தி, கி.மு. 221இல், சின் ஷி ஹுவாங் என்னும் மன்னர் சீன தேசம் முழுவதையும் ஒரே ஆட்சியின்கீழ்க் கொண்டுவந்தார். தம்மை 'முதல் பேரரசர்' என்று அழைத்துக்கொண்டார். பின்வருபவர்கள் இரண்டாமவர், மூன்றாமவர் என்று பதினாயிரம் தலைமுறை வரையில் எண்ணப்பட வேண்டும் என்பது அவரது ஆசை. சாகாமல் இருக்க மருந்தும் தேடினார். கி.மு. 210இல் சுற்றுப்பயணத்தின்போது இறந்தார். அந்த மரணத்தை உடனிருந்தவர்கள் மறைத்தார்கள். உடலின் வாடை வெளியே தெரியாதிருக்க, உப்பிட்ட மீன்களை வண்டியில் ஏற்றிக் கூடவே அனுப்பினார்கள்.

அடுத்து வந்த இரண்டாம் பேரரசரின் சபையில் நடந்ததாகச் சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். அதிகாரம் மிக்க அமைச்சரான சாவோ காவ் சபைக்கு ஒரு மானைக் கொண்டுவந்து, 'அரசே, இதோ ஒரு குதிரை' என்றார். அரசர் சிரித்தார், சுற்றியிருந்தவர்களைக் கேட்டார். சிலர் மௌனமாக இருந்தார்கள். சிலர் 'குதிரைதான்' என்றார்கள். 'மான்' என்று உண்மை சொன்னவர்களை அமைச்சர் குறித்துவைத்துக்கொண்டு பின்னர் தண்டித்தார். சில மாதங்களிலேயே அந்த வம்சமே இல்லாமல் போயிற்று. பதினாயிரம் தலைமுறைக்கென்று எழுப்பிய பேரரசு பதினைந்தே ஆண்டுகளில் முடிந்தது. முதல் பேரரசரின் கல்லறையைக் காக்க அமைத்த களிமண் வீரர்கள் வெளிப்பட்டது 1974இல். கிணறு வெட்டிய குடியானவர்களின் மண்வெட்டியால்.

பேரரசுகள் வீழ்வதற்கு வரலாற்றாசிரியர்கள் பல காரணங்கள் கூறுவார்கள். தாங்க முடியாத வரி, வாரிசுச் சண்டை, எல்லை கடந்த போர்கள், பஞ்சம், படையெடுப்பு. அவை எல்லாம் உண்மையே. ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னே ஒரு நிலை உண்டு. அரசனிடம் 'இது தவறு' என்று சொல்ல ஒருவரும் இல்லாமற்போகும் நிலை அது. வெளியிலிருந்து வரும் காரணங்களைச் சமாளிக்கும் வலிமையை அது உள்ளிருந்தே அரித்துவிடுகிறது. கண்டித்துச் சொல்லும் துணையில்லாத மன்னனைக் கெடுக்கப் பகைவன் தேவையில்லை என்று திருவள்ளுவர் தீர்ப்பளித்தது இதனால்தான்.

தூண் சொன்னது

1837இல் கல்கத்தாவில் நாணயச்சாலை அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப் அந்த எழுத்தின் புதிரை அவிழ்த்தார். தூண் பேசத் தொடங்கியது. அது பெரோஸ் ஷாவின் புகழைப் பாடவில்லை. அசோகரின் வெற்றிகளையும் பாடவில்லை. அதன் மூன்றாவது ஆணை சொல்வது இதுதான்: மனிதன் தான் செய்த நன்மையை மட்டுமே பார்க்கிறான், தான் செய்த பாவத்தை அவன் பார்ப்பதில்லை, அதைப் பார்ப்பது கடினம், ஆயினும் கோபம், கொடுமை, கர்வம், பொறாமை ஆகியவை தன்னைக் கெடுத்துவிடும் என்று அவன் தன்னைத்தானே சோதித்துக்கொள்ள வேண்டும்.

சற்று எண்ணிப் பாருங்கள். இப்படி எழுதிய கல்லின் முன்னேதான் முகஸ்துதிக்காரர்கள் நின்று சுல்தானின் பெயரைப் படித்தார்கள்! இதைப் படித்து உலகுக்குச் சொன்ன ஆங்கிலேயரின் பேரரசாவது கேட்டதா? 1911இல் அதே டில்லியில் தர்பார் நடத்தித் தலைநகரை மாற்றுவதாக அறிவித்தார்கள். 1931இல் புது டில்லி திறந்துவைக்கப்பட்டது. பதினாறு ஆண்டுகளில், 1947இல், அந்த மாளிகைகளை விட்டுப் புறப்பட்டார்கள். கம்பீரமாக நின்ற ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சிலை பின்னர் இடம் பெயர்ந்து, அந்தத் தர்பார் நடந்த திடலுக்கே போய்ச் சேர்ந்தது.

பகவத் கீதையின் பதினாறாம் அத்தியாயத்தில் பகவான் அசுர இயல்பை விளக்குகிறார். பெற்றதையும் இனிப் பெறப்போவதையும், கொன்ற பகைவரையும் கொல்லப்போகும் பகைவரையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும் மனம் அது. அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி மட்டும் எப்போதும் காலி. அது தன் தவறுகளுக்குரிய பத்தி.

தர்மம் அரியணையைக் காத்ததா?

இங்கே ஓர் ஐயம் எழும். தன் குற்றத்தைப் பார்த்த அசோகரின் பேரரசு மட்டும் நிலைத்ததா? இல்லை. அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்குள், கி.மு. 185ஐ ஒட்டி, கடைசி மௌரிய மன்னர் பிருகத்ரதர் தம் சொந்தச் சேனாபதி புஷ்யமித்திரரால், படை அணிவகுப்பின்போதே கொல்லப்பட்டார். ஆகவே தர்மத்தைக் கடைப்பிடித்தால் அரியணை அழியாது என்று நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். தோன்றியது மறையும். தர்மம் காப்பது அரியணையை அல்ல. அதில் அமர்ந்திருக்கும் மனிதனை.

கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும், ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும், தமக்கு அதனால் உண்டான துயரத்தையும் அசோகர் தாமே பாறையில் பொறித்தார். வென்ற அரசர் இப்படி எழுதியது சரித்திரத்தில் அரிது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வாசகம் கலிங்கத்திலேயே உள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் இல்லை. அங்கே வேறு ஆணைகள் இருக்கின்றன. எல்லா மக்களும் தம் பிள்ளைகள் என்றும், காரணமின்றி எவரையும் சிறையிடவோ துன்புறுத்தவோ கூடாது என்றும் அதிகாரிகளுக்கு அங்கே கட்டளையிடுகிறார். உலகத்தின் முன் வருந்துவது ஒருவாறு எளிது. நம்மால் காயப்பட்டவரின் முகத்துக்கு நேரே சொல்வது மாமன்னருக்கும் எளிதன்று போலும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

என் சிறு சாம்ராஜ்யம்

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்கும் ஒரு சாம்ராஜ்யம் இருந்தது. ஓர் அலுவலகத்தில் ஒரு பிரிவு, பதினான்கு பேர், என் மேஜைமீது ஒரு மணி. ஒருமுறை கணக்கில் பிழை நேர்ந்தது. என் கீழ்ப் பணியாற்றிய ஒருவர்மீது பழி விழுந்து, அவரது பதவி உயர்வு நின்றது. சில மாதங்களுக்குப் பின் பழைய கோப்பு ஒன்றைப் புரட்டியபோது, பிழை என் கையெழுத்தில் இருந்ததைக் கண்டேன். கோப்பை மூடிவைத்தேன். 'முடிந்துபோன விஷயம்' என்று மனம் சொல்லிற்று. என் மானை நானே குதிரை என்று சொல்லிக்கொண்டேன்.

பதினொரு ஆண்டுகள் கழித்து, ஓய்வுபெற்ற பின், அந்தத் தூணின் அடியில் அமர்ந்திருந்த ஒரு நாளில்தான் அந்தக் கோப்பு மீண்டும் திறந்தது. அவருடைய வீட்டைத் தேடிச் சென்றேன். சொல்லி முடிக்கும் வரையில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எனக்கு அன்றைக்கே தெரியும் சார். நீங்கள் சொல்வீர்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "எனக்கு இனி ஒன்றும் வேண்டாம். என் பெண்ணிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அப்பா ஏதோ தப்புச் செய்தவர் என்று நினைத்தே அவள் வளர்ந்துவிட்டாள்" என்றார்.

அந்தப் பெண்ணின் முன் நின்று சொன்னேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான காரியம் வேறில்லை. அவள் பதில் ஒன்றும் கூறவில்லை. உள்ளே சென்று, தந்தைக்கு உரிய மாத்திரையையும் தண்ணீரையும் கொண்டுவந்து அவரருகே வைத்துவிட்டு, அங்கேயே அமர்ந்துகொண்டாள்.

அன்பர்களே! நம் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு சாம்ராஜ்யம் இருக்கிறது. வீடு, கடை, வகுப்பறை, சங்கம். அங்கே நம்மிடம் 'இது மான்' என்று அச்சமின்றிச் சொல்லக்கூடியவர் ஒருவராவது இருக்கிறாரா? மனைவியோ மகனோ பணியாளரோ அப்படிச் சொன்ன நாளில் நம் முகம் எப்படி மாறியது? இன்றிரவு உறங்குமுன் ஐந்து நிமிடம் இதை எண்ணிப் பாருங்கள். சட்டத்தால் விளைந்த நன்மை சிறிதே, மனம் உணர்ந்து சிந்திப்பதால் விளைந்ததே பெரிது என்று அதே தூணின் ஏழாவது ஆணையில் அசோகரும் சொல்கிறார்.

இன்றும் வியாழக்கிழமைகளில் ஏழை எளிய மக்கள் பலர் அந்த இடிந்த கோட்டைக்கு வருகிறார்கள். தங்கள் குறைகளைக் காகிதத்தில் எழுதி, விளக்கேற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். பேரரசுகள் போய்விட்டன; மனுக்கள் நிற்கவில்லை. இறைவனிடம் நாமும் நாள்தோறும் எத்தனையோ மனுக்கள் கொடுக்கிறோம். அவற்றோடு இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்வோம்: 'இறைவா, என் குற்றத்தை நான் காணும்படி செய். கண்டபின், சொல்ல வேண்டியவரிடம், அவர் இருக்கும்போதே சென்று சொல்லும் துணிவையும் கொடு.'