தபால் தலையில் புத்தகயை

சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்தபின் உபாசகர் ஒருவர் பழைய பதிவுத் தபால் உறை ஒன்றை நம்மிடம் கொணர்ந்து காட்டினார். தந்தையாரின் பெட்டியில் கிடைத்ததாம். அதில் ஒட்டியிருந்த தலைகளுள் ஒன்று மூன்றரை அணா. தலையிலே புத்தகயை மகாபோதிக் கோயில். கோபுரத்தின் குறுக்கே கருமையாய்த் தபால் முத்திரை. "ஐயா, பகவன் போதி பெற்ற இடத்தின்மேல் ஓங்கிக் குத்தியிருக்கிறார்களே! இது அவமதிப்பு அன்றோ? இதை வீட்டில் வைத்திருக்கலாமா?" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தமையால் அன்று நாம் விடை கூறவில்லை.

1949 ஆகஸ்ட் 15 அன்று இந்திய அரசாங்கம் நாட்டின் தொன்மைச் சின்னங்களைத் தாங்கிய 16 தலைகளை வெளியிட்டது. அஜந்தா, போதிசத்துவர், சாஞ்சியின் கீழைத் தோரணவாயில், புத்தகயை ஆகிய நான்கும் அவற்றுள் அடங்கும். யுனெஸ்கோ நிறுவனம் அஜந்தாவை 1983இலும், சாஞ்சியை 1989இலும், புத்தகயையை 2002இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அதற்கு நெடுநாள் முன்னரே தபால் தலைகள் அவற்றை ஏழையின் கைக்கும் கொண்டுவந்துவிட்டன. ஓரணாத் தலையில் போதிசத்துவர் உருவம் இடம் வலமாய் மாறி, நீட்டிய கை இடக்கையாக அச்சாகிவிட்டது. 1950இல் திருத்தி வெளியிட்டனர். கை மாறியதனால் ஒரு கடிதமேனும் சேராமற் போயிருக்குமோ?

நாம் ஆலையில் உழைத்த காலத்தில், முத்திரை குத்தாத துணிப்பொதி வாயிலைக் கடவாது. தபால் தலையும் அத்தகையதே. அது தன் கடமையைச் செய்தது என்பதற்கும், மறுமுறை செல்லாது என்பதற்கும் அந்தக் கறுப்பு வட்டமே சான்று. குத்திய ஊழியரின் நெஞ்சில் கடிதம் போய்ச் சேரவேண்டும் என்பதையன்றி வேறொன்றும் இருந்திராது. எண்ணமே வினை என்பது நம் தருமம். 2001 மார்ச்சில் ஆப்கானிஸ்தானத்துப் பாமியானில் 55 மீட்டரும் 38 மீட்டரும் உயர்ந்து நின்ற இரு புத்தர் உருவங்களை வெடி வைத்துத் தகர்த்தார்களே, அந்தக் கையையும் இந்தக் கையையும் ஒன்றாக எண்ணலாகாது.

ஆயினும் உபாசகரின் கலக்கத்தில் நமக்கு ஒரு கவலை உண்டு. உருவத்துக்குத் தீட்டு உண்டு என்ற பழைய வழக்கத்தை விட்டு வெளியேறியவர்கள் நாம். நம்மைத் தீண்டலாகாது என்று சொன்னதும் அதே வழக்கந்தானே? அது காகிதத் துண்டின் வழியாக மீண்டும் நம் வீட்டினுள் நுழையலாமா? சாஞ்சியின் கீழை வாயிலை உற்றுப் பாருங்கள். சித்தார்த்தர் அரண்மனையை நீங்கிச் செல்லும் காட்சி அங்கே செதுக்கப்பட்டிருக்கிறது. குதிரை செல்கிறது, குடை பிடித்திருக்கிறார்கள், குதிரைமேல் ஆளில்லை. பகவனை மனித உருவில் காட்டாமலே அக்காலத்தார் வணங்கினர். (தெற்கு வாயிலின் சிற்பவேலையை விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரர் செய்தனர் என்று கல்வெட்டுக் கூறுகிறது. உழைப்பாளரைக் கல்வெட்டில் காண்பது அரிதாகையால் இதையும் சொல்லிவைத்தோம்.)

வருந்தவேண்டுமாயின் அதற்குரிய இடம் வேறு. அத்தலை வெளியான அதே 1949இல் பீகாரில் இயற்றிய புத்தகயைக் கோயிற் சட்டம், தலைவராகிய மாவட்ட ஆட்சியர் நீங்கலாக எட்டு உறுப்பினருள் நால்வரை மட்டுமே பௌத்தராக வைத்தது. காகிதத்தின்மேல் விழுந்த மைக்குக் கண்ணீர் விடுகிறவர், இதனை அறிந்திருக்கிறாரா?

இவற்றையெல்லாம் சென்ற வாரம் அவர் இல்லத்துக்கே சென்று கூறினோம். உறையைப் புத்தர் படத்தின் அருகிலேயே வைத்துக்கொள்ள இசைந்தார். உள்ளே கடிதம் இருக்கிறதா என்று வினவினோம். இருக்கிறது, தலையையே பார்த்துக்கொண்டிருந்ததில் இன்னும் பிரித்துப் படிக்கவில்லை என்றார். அடுத்த பௌர்ணமிக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம்.