பருவ நிறமும் குலவுடையும்: குருமாரின் கில்ட் ஆடை எழுப்பும் அறவினா

முன்னுரை

ஆடை உடலை மறைக்கிறது; அதே வேளையில் உடுத்தியவர் யார் என்பதை வெளிப்படுத்துகிறது. இவ்விரு பணிகளும் ஒன்றோடொன்று முரண்படும் இடத்தில் அறவினா தோன்றுகிறது. ஸ்காட்லாந்து மரபைச் சார்ந்த கிறித்தவக் குருமார் சிலர், அந்நாட்டு ஆடையாகிய கில்டைத் திருவழிபாட்டுக் காலங்களுக்குரிய நிறங்களில் உடுத்துவது உண்டு. தவக்காலத்திற்கு ஊதா, கிறிஸ்து பிறப்புக் காலத்திற்கு வெள்ளை, பெந்தெகொஸ்து நாளுக்குச் சிவப்பு, பொதுக்காலத்திற்குப் பச்சை என அந்நிறங்கள் அமையும். மேலோட்டமாக நோக்குவார்க்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், அனைவர்க்கும் பொதுவான காலத்தின் அடையாளத்தை ஓரினத்தாரின் ஆடைமேல் ஏற்றுவது தகுமா என்னும் வினா அதனுள் அடங்கியிருக்கிறது. அவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிறம் என்னும் கட்டுப்பாடு

தொடக்ககாலத் திருச்சபையில் குருமார்க்கெனத் தனியுடை இருந்ததில்லை. திருத்தந்தை முதலாம் செலஸ்டின் கி.பி. 428இல் கால் நாட்டு ஆயர்களுக்கு எழுதிய மடலில், ஆயர் மக்களினின்று வேறுபட வேண்டியது போதனையால், உடையால் அன்று என்னும் கருத்தை வலியுறுத்தினார். இன்று திருவுடையாகப் போற்றப்படுவன பல, உரோமைப் பேரரசின் குடிமக்கள் நாள்தோறும் உடுத்தியவற்றின் வழிவந்தவை. திருப்பலியில் குரு அணியும் மேலாடை, மழைக்கும் குளிருக்கும் உரோமையர் போர்த்திய மேலங்கியிலிருந்து தோன்றியது. மக்கள் கைவிட்ட பின்னரும் குருமார் கைவிடாமையால் அது புனிதவுடையாயிற்று.

நிறங்களுக்குரிய முறை இதனினும் பிற்பட்டது. பின்னாளில் மூன்றாம் இன்னொசென்ட் என்னும் பெயரில் திருத்தந்தையான லொத்தாரியோ, 1198க்கு முன் எழுதிய திருப்பலி பற்றிய நூலில் வெள்ளை, சிவப்பு, பச்சை, கறுப்பு ஆகிய நிறங்களுக்குரிய நாள்களை விளக்கியுள்ளார். 1570இல் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலி நூல் ஊதாவையும் சேர்த்து இம்முறையை நிலைப்படுத்தியது.

இம்முறையின் அறப்பொருள் ஒன்று கருதத்தக்கது. ஏனைய ஆடைகளின் நிறத்தை உடுத்துவோர் தம் விருப்பத்திற்கேற்பத் தேர்கின்றனர். திருவழிபாட்டு நிறத்தையோ நாள் தேர்கிறது. மகிழ்ச்சியில் இருக்கும் குருவும் தவக்காலத்தில் ஊதாவையே அணிய வேண்டும். துயருற்றிருக்கும் குருவும் உயிர்ப்புப் பெருவிழாவில் வெள்ளையையே அணிய வேண்டும். எனவே இந்நிறம் தன்வெளிப்பாடு அன்று; தன்னை ஒடுக்கும் பணிவாகும்.

கில்ட் என்னும் நினைவு

கில்ட் என்பது இடையிலிருந்து முழங்கால் வரை தொங்குமாறு, பின்புறம் மடிப்புகள் வைத்துத் தைக்கப்பெறும் கம்பளி ஆடை. மேட்டுநிலத்தார் உடல் முழுவதும் சுற்றி இடுப்பில் வார் கட்டிய நீண்ட போர்வையே இதன் முன்வடிவம். குறுகிய வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டில் பரவியது.

1745இல் எழுந்த யாக்கோபியர் கிளர்ச்சி 1746 ஏப்பிரலில் கலோடன் போர்க்களத்தில் முறியடிக்கப்பட்டது. அவ்வாண்டே பிரித்தானிய நாடாளுமன்றம் மேட்டுநிலத்து ஆடவரும் சிறுவரும் தம் மரபுடையை அணிதலைத் தடைசெய்தது. முதற்குற்றத்திற்கு ஆறு திங்கள் சிறையும், மீண்டும் செய்தால் ஏழாண்டு நாடுகடத்தலும் தண்டனையாக விதிக்கப்பட்டன. அரசின் படையில் பணியாற்றியோர்க்கு மட்டும் விலக்கு இருந்தது. இச்சட்டம் 1782இல் நீக்கப்பட்டது. நாற்பதாண்டுகள் கழிந்து, 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவிற்கு வந்தபோது, வால்டர் ஸ்காட் வகுத்த வரவேற்பு விழாவில் மன்னரே கில்ட் அணிந்து தோன்றினார். ஒரு காலத்தில் சிறைக்கு அனுப்பிய ஆடை அரசவையின் அணியாயிற்று.

இருவகைத் தடைகள்

ஆடைக்கு அரசு தடை விதித்தது போல, பருவங்களுக்குத் திருச்சபையே தடை விதித்தது. 1560இல் நிகழ்ந்த ஸ்காட்லாந்துச் சமயச் சீர்திருத்தம், விவிலியத்தில் சான்றில்லை எனக் கூறித் திருநாள்களையும் அவற்றிற்குரிய உடைகளையும் விலக்கியது. அதன்வழி வந்த குருமாரின் மேடையுடை கறுப்பு அங்கியாகவே நெடுங்காலம் இருந்தது. கிறிஸ்து பிறப்பு நாள் ஸ்காட்லாந்தில் பொதுவிடுமுறையானது 1958இல்தான் என்பது அவ்விலக்கின் வலிமையைக் காட்டும்.

ஆகவே, பருவ நிறத்தில் அமைந்த கில்ட் ஒருகாலத்தில் விலக்கப்பட்ட இரண்டினை ஒன்றிணைக்கிறது. ஒன்று அரசால் விலக்கப்பட்ட வடிவம். மற்றொன்று சபையால் விலக்கப்பட்ட நிறம். இழந்தவற்றை மீட்டெடுக்கும் மகிழ்ச்சி இதில் உண்டு என்பதை மறுத்தல் இயலாது. ஆனால், ஒன்று முன்பு ஒடுக்கப்பட்டது என்பதனாலேயே அது புனிதத்தைத் தாங்கத் தகுதியுடையதாகிவிடுமா என்பது வேறு வினா.

குலமும் பொதுமையும்

கில்ட் ஓரினத்தாரின் ஆடையாதலால் வழிபாட்டோடு பொருந்தாது என்பர் சிலர். இவ்வாதம் நிற்காது. உரோமையரின் மேலங்கியும் ஓரினத்தாரின் ஆடையே. தோற்றத்தை மட்டும் கருதின் எத்திருவுடையும் தேறாது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கில்டில் வழக்கமாக அமையும் டார்ட்டன் என்னும் கட்டக்கோலம், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் குலக்குறியாக நிலைபெற்றுவிட்டது. அக்கோலத்தை அணிபவர் தம் முன்னோரை அறிவிக்கிறார். பருவ நிறமோ முன்னோரை வினவுவதில்லை. ஒரே ஊதா உலகெங்கும் ஒரே நோன்பைக் குறிக்கிறது. கட்டக்கோலமற்ற ஒற்றை நிறக் கில்ட் இம்முரணை ஓரளவு தீர்க்கிறது. இதற்கு முன்மாதிரியும் உண்டு. 1859இல் தோன்றிய இலண்டன் ஸ்காட்டிஷ் என்னும் தொண்டர்படைக்கு, எந்தக் குலத்தின் கோலமும் இன்றி ஒற்றைச் சாம்பல்பழுப்பு நிறத் துணியைத் தெரிந்தெடுத்தார் அதன் தலைவர் எல்கோ பிரபு. குலப்பூசலைத் தவிர்ப்பதும் அத்தேர்வின் நோக்கங்களுள் ஒன்று.

எனினும் குலக்குறி நீங்கியதனால் எல்லா எல்லைகளும் நீங்கிவிடவில்லை. ஓராடை யாரை உள்ளே அழைக்கிறது என்பதோடு யாரை வெளியே நிறுத்துகிறது என்பதையும் நோக்குதல் வேண்டும். மதுரைக்கு 1606இல் வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலியின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும். அவர் காவியுடுத்தித் துறவியாக வாழ்ந்தது பெரும் வழக்காயிற்று. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி அவர்க்குச் சாதகமான ஆணையை வெளியிட்டார். ஆயினும் அவ்வுடை உயர்குலத்துறவியின் அடையாளமாக ஏற்கப்பட்டமையால், ஒடுக்கப்பட்ட மக்களோடு அவர் வெளிப்படையாகப் பழகுதல் அரிதாயிற்று. 1640 முதல் அம்மக்களிடையே பணியாற்றப் பண்டாரசாமிகள் என்னும் வேறு பிரிவும் வேறு உடையும் தேவைப்பட்டன. மண்ணின் உடையை ஏற்றவர் அம்மண்ணின் ஏற்றத்தாழ்வையும் உடன் ஏற்க நேர்ந்தது.

ஸ்காட்லாந்தில் இவ்வெல்லை சாதியாக அன்றிப் பாலாக வெளிப்படுகிறது. கில்ட் ஆடவர் உடை என்றே மரபில் அறியப்படுகிறது. ஸ்காட்லாந்துத் திருச்சபையோ 1968 முதல் பெண்களையும் குருத்துவப் பணிக்கு ஏற்றுள்ளது. பணி இருபாலார்க்கும் பொதுவாகிவிட்ட பின், ஆடவர் மரபுடை அப்பணியின் அடையாளமாதல் பொருந்தாது. குருவின் தனியுடையாக அது இருக்கலாம். குருத்துவத்தின் உடையாக இருத்தல் கூடாது.

வேடமும் ஒழுக்கமும்

திருக்குறளின் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரம் புறக்கோலத்தையும் அகவொழுக்கத்தையும் எதிரெதிரே நிறுத்துகிறது. கோலமே தவறென்று அது கூறவில்லை. கோலம் ஒழுக்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதையே கண்டிக்கிறது. இந்நோக்கில் தவக்கால ஊதாவே கடுஞ்சோதனையாக அமைகிறது. ஊதா மனம்வருந்துதலின் நிறம். அதனை நேர்த்தியாகத் தைத்து, பிறர் பாராட்டும் வண்ணம் உடுத்தும்பொழுது, நோன்பின் குறியே அணிகலனாக மாறும் இடர் உண்டு. வெள்ளையிலோ பச்சையிலோ இவ்விடர் இத்துணைக் கூர்மையாக வெளிப்படுவதில்லை.

மற்றொன்றும் கருதத்தக்கது. வழிபாட்டின்போது குரு அணியும் வெண்ணிற நீளங்கி கணுக்கால் வரை மூடும். அதனடியில் கில்ட் இருப்பினும் புலப்படாது. ஆகவே பருவ நிறக் கில்ட் உண்மையில் காணப்படுவது பீடத்தில் அன்று. விருந்திலும் தெருவிலும் மன்றத்திலுமே. திருவுடை வழிபாடு முடிந்ததும் களையப்படுகிறது. அதன் பொருள் சடங்கிற்குள் காக்கப்படுகிறது. கில்டோ அந்நிறத்தைச் சடங்கிற்கு வெளியே கொண்டுசெல்கிறது. அங்கு அதற்குப் பொருள் தருவது உடுத்தியவரின் நடத்தை மட்டுமே. ஊதா உடுத்தியவர் விருந்தில் அளவிறந்து உண்பாராயின், அந்நிறமே அவர்க்கு எதிரான சான்றாகும். அவர் நோன்பு காப்பாராயின், காலண்டரில் மட்டும் இருந்த பருவம் தெருவிலும் நினைவுகூரப்படும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஓராடையின் தகுதியை அதன் பழமையோ பிறப்பிடமோ உறுதி செய்வதில்லை. தடைசெய்யப்பட்ட வரலாறு ஆடைக்கு மதிப்பைத் தரலாம்; புனிதத்தைத் தருவதில்லை. பருவ நிறக் கில்டில் வடிவம் உடுத்துவோரின் தேர்வு. நிறம் அவர் தேராதது. தேர்வு பணிவிற்கு உட்படும் வரை அவ்வாடை தகும். பணிவு தேர்விற்கு அழகூட்டும் கருவியாகும்பொழுது தகாது. விழாநாள்களின் ஒளிமிகு நிறங்களை மட்டும் உடுத்தி, நோன்பின் நிறத்தையோ அதற்குரிய நோன்பையோ தவிர்ப்பவர் காலத்தை மதிப்பவர் அல்லர், தம்மை அணிசெய்பவர். செலஸ்டினின் மடல் குருவிடம் வேண்டிய வேறுபாடு எந்நிறத்தாலும் நிறைவெய்துவதன்று. நிறம் அவ்வேறுபாட்டை நாள்தோறும் நினைவூட்டலாம். அந்த அளவில் மட்டுமே அது குருவின் உடலில் இடம்பெறத் தக்கது எனலாம்.