நோயாளிக்காகக் கையெழுத்திடுகிறவர்களுக்கு



பெத்தானியாவிலிருந்த மார்த்தாளும் மரியம்மாளும் தங்கள் சகோதரன் லாசர் வியாதியாயிருக்கிறானென்று ஆண்டவருக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் வந்து சேர்ந்தபோது லாசரைக் கல்லறையில் வைத்து நாலு நாளாயிற்று. நீர் இங்கே இருந்திருந்தால் அவன் இறந்திருக்க மாட்டானே என்றாள் மார்த்தாள். பிறகு வந்த மரியம்மாளும் அதையே சொன்னாள். இருவரும் ஒரே வார்த்தையைச் சொன்னதைப் பார்த்தால், அந்த நாலு நாளும் அவ்வீட்டில் இந்தப் பேச்சுத்தான் நடந்திருக்க வேண்டும். ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. அவர் கண்ணீர் விட்டாரென்று அர்ச். அருளப்பர் சுவிசேஷம் 11-ம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

இக்காலத்தில் இந்த ‘இருந்திருந்தால்’ ஐ.சி.யூ. வாசலிலேயே பிறந்துவிடுகிறது. தகப்பனாருக்கு நினைவில்லை. டாக்டர் மூத்த மகனைக் கூப்பிட்டு, வென்டிலேட்டர் வைக்கலாமா வேண்டாமா, சொல்லிக் கையெழுத்திடுங்கள் என்கிறார். வைத்தால் அவருடைய உபத்திரவம் நீளுமோ, வேண்டாமென்றால் பெற்றவரைக் கொன்ற பாவம் வருமோ என்று அவன் கை நடுங்குகிறது.

இந்தப் பயத்துக்குத் திருச்சபை மறுமொழி சொல்லி வெகுகாலமாயிற்று. 1957-ம் வருஷம் நவம்பர் 24-ந் தேதி பரிசுத்த பாப்பரசர் 12-ம் பத்திநாதர் மயக்கமருந்து டாக்டர்களுக்கு உரையாற்றுகையில், செயற்கைச் சுவாசத்தைப் பற்றியே பேசினார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளுவது கடமை. தனக்கோ பிறருக்கோ மிஞ்சின பாரமாகும் அசாதாரண வழிகளைக் கையாளும்படி கட்டாயமில்லை என்பது அதன் சாரம். 1980-ல் விசுவாசக் கோட்பாட்டுச் சபை வெளியிட்ட அறிக்கையும் இவ்வழியிலேயே போதித்தது. சாகடிப்பதற்கென்று ஒன்றைச் செய்வது எக்காலும் ஆகாது. தடுக்க முடியாத மரணத்தை ஏற்றுக்கொள்வதோ கொலையல்ல. வீட்டை விற்றாவது கருவியை ஓட்டுகிறவன்தான் பிள்ளை என்று ஊரார் பேசுவார்கள். திருச்சபை அப்படிச் சொன்னதில்லை. குணமாகும் நம்பிக்கை இருக்கையில், செலவுக்கோ சிரமத்துக்கோ சலித்துக் கைவிடுவதற்கு இது அனுமதியென்று மாத்திரம் யாரும் எண்ணவேண்டாம்.

கருவி வேண்டாமென்றாலும் பராமரிப்பு நிற்கக்கூடாது. உடல் ஏற்கும்வரை ஆகாரம், தண்ணீர், சுத்தம், பக்கத்தில் ஒரு ஆள், வலி தணிக்கும் மருந்து இவையெல்லாம் வேண்டும். மார்பீன் என்ற பெயரைக் கேட்டே பயந்து நோயாளியைத் துடிக்க விடுகிறவர்கள் உண்டு. வேதனையைத் தணிப்பதற்காகவே கொடுத்தால் அது ஆகுமென்று அதே பாப்பரசர் அதே வருஷம் பிப்ரவரியில் சொல்லியிருக்கிறார்.

டாக்டரிடம், இதனால் குணம் உண்டா, அல்லது நாட்கள் மட்டும் நீளுமா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பிறகு வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து, அப்பாவே பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசியுங்கள். அப்போது மகன் தீர்ப்பிடுகிறவனல்ல, தகப்பனுக்காக வாய் திறக்கிறவன். நம் வீடுகளில் மூன்று வருஷமாய்ப் படுக்கை மாற்றித் துடைத்த மருமகளை ஒருவரும் கேட்பதில்லை. நேற்று விமானத்தில் வந்திறங்கினவர் சத்தந்தான் பெரிதாயிருக்கும்! அவளையும் கேளுங்கள். முடிவானதும் எல்லோரும் அதன் பொறுப்பை ஏற்கவேண்டும். கையெழுத்திட்டவனைப் பிற்பாடு குத்திக்காட்டுவது பெரிய அநியாயம்.

பெரியவர்களே, நினைவு தெளிவாயிருக்கையிலேயே உங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். எழுதியும் வைக்கலாம். சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச் 9-ந் தேதித் தீர்ப்பில் இதை அங்கீகரித்து, 2023 ஜனவரியில் முறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரின் சான்றும் போதும். எழுதுமுன் பங்குச் சுவாமியாரிடமும் கலந்துகொள்ளுங்கள்.

சுவாமியாரைக் கண்டால் நோயாளி பயந்துவிடுவாரென்று கடைசி மூச்சுவரை காத்திருப்பது இன்னும் போகாத வழக்கம். அவஸ்தைப் பூசுதல் என்று முன்னாளில் சொன்னதை இப்போது நோயில்பூசுதல் என்கிறோம். 1972-ல் பாப்பரசர் 6-ம் சின்னப்பர் அதன் சடங்கைச் சீர்படுத்தினார். நோய் ஆபத்தாகும்போதே சொல்லியனுப்புங்கள், நடுராத்திரியானாலும் சரி.

எப்போதோ கையெழுத்திட்டுவிட்டு, அதையே பாவமென்று எண்ணி வருஷக்கணக்காய்ச் சுமக்கிறவர்களும் நம் பங்கில் இருக்கலாம். அவர்களும் வரட்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டியிலானாலும் சரி, பங்கு வீட்டுத் திண்ணையிலானாலும் சரி, உட்கார்ந்து பேசுவோம்.