நினைவு போயிற்று, மனிதர் போனாரா?

பகுத்தறிவே மனிதனின் பெருமை என்று மேடைதோறும் முழங்குகிறோம் நாம். ஆனால் தோழர்களே, அந்த அறிவே ஒருவரைவிட்டு நாளுக்கு நாள் நழுவுமானால், அவரை என்னவென்று அழைப்போம்? பெற்ற மகளின் பெயர் நினைவில்லை, உண்டது நினைவில்லை, உறங்கும் அறை எதுவென்றும் தெரியவில்லை. அறிவு குறைந்தது, ஆகவே மனிதத் தகுதியும் குறைந்தது என்று கூறிவிடுவோமா?

முன்வினையன்று, மூளையைத் தாக்கும் நோய் இது. மறதிநோய்களில் மிகுதியாகக் காணப்படும் வகையை 1906-இல் ஜெர்மன் மருத்துவர் அல்சைமர் எடுத்துரைத்தார். அறிவியல் நோயைக் கண்டது, நன்று! பராமரிப்பு இல்லங்களோ நோயாளியைக் காண மறந்தன. குளிப்பாட்டினர், ஊட்டினர், நாற்காலியில் அமர்த்தினர். குரலெழுப்பினால் மருந்தால் அடக்கினர். பிரிட்டனில் 2009-இல் அரசுக்கு அளிக்கப்பட்ட அறிக்கையொன்று, மறதிநோயாளர் ஏறத்தாழ 1,80,000 பேருக்கு மனநோய் மருந்துகள் தரப்படுவதாகவும், அவற்றால் ஓரளவேனும் பயன்பெறுவோர் 36,000 பேரே என்றும் மதிப்பிட்டது.

அதற்கு முன்பே, 1997-இல், பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்து அறிஞர் டாம் கிட்வுட் தமது நூலில் வேறு வழி காட்டினார். மனிதத் தகுதி ஒருவரது மூளைக்குள் மட்டும் அடங்கியதன்று. பிறர் அவருக்கு அளிக்கும் மதிப்பிலும் உறவிலும் அது வாழ்கிறது என்றார். முதியவரைக் குழந்தையாக்குவது, எதிரில் இருக்கும்போதே இல்லாதவர்போல் பேசுவது, அவரால் இயலாத வேகத்தில் விரட்டுவது — இவையும் அவரைச் சிதைக்கும். செய்வோர் கொடியவரல்லர், நல்லவரே, அறியாமல் செய்கின்றனர்!

இங்கே நமக்கொரு சோதனை. இல்லத்திலுள்ள மூதாட்டி, "அம்மா எங்கே?" எனக் கேட்கிறார். "அவர் இறந்து நாற்பதாண்டு ஆயிற்று" என்பது உண்மை. ஆனால் அவருக்கு அது இன்று வந்த சாவுச் செய்தி. நாளையும் புதிதாய் அழுவார். அப்படியானால் பொய்யுரைப்பதா? வேண்டா! அருகமர்ந்து, "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்போம். கேள்விக்கு உள்ளே இருப்பது ஏக்கம். ஏக்கத்துக்கு விடை துணை.

இதற்குப் பொழுதும் போதிய ஆளும் வேண்டும். குறைந்த கூலிக்கு ஒரு பணிப்பெண்ணிடம் பலரை ஒப்படைத்துவிட்டு, "அன்பில்லையே" என அவரைக் கடிவது நேர்மையாகுமா? பொறுப்பு சமுதாயத்தினுடையது.

பகுத்தறிவு, மனிதர் கூட்டத்துள் நுழைவதற்கான அனுமதிச் சீட்டன்று. அதனை இழந்தவரின் மதிப்பைக் காப்பது, அதனை உடையவரின் கடமை. அவர் நம்மை மறக்கலாம். நாம் அவரை மறத்தல் ஆகாது!