ஒழுகும் இடம் ஒன்று, ஓட்டை ஒன்று



இன்றைய நற்செய்தி லூக்கா 5ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. யோவானின் சீடர்கள் நோன்பிருக்கிறார்கள், பரிசேயரின் ஆட்களும் நோன்பிருக்கிறார்கள், உம்முடையவர்கள் மட்டும் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்களே என்று இயேசுவிடம் கேட்கிறார்கள். அவர் மணமகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நேரே தையல் வேலைக்கு வந்துவிடுகிறார். புதுத்துணியைக் கிழித்துப் பழைய துணிக்கு யாரும் ஒட்டுப் போடுவதில்லை என்கிறார்.

இந்த வாசகம் செப்டம்பர் முதல் வெள்ளியில் நமக்கு வந்திருப்பது பொருத்தம்தான். மரக்காணத்தில் இனிமேல் எல்லாருக்கும் மழைக்கு முன் மூடுகிற வேலை. உப்பளத்தில் வாரிக் குவித்ததை விற்றது போக, மிச்ச அம்பாரத்துக்கு ஓலை வேண்டும், தார்ப்பாய் வேண்டும். வீட்டுக்குக் கீற்று மாற்ற வேண்டும். ஆட்டோ வைத்திருப்பவர்களுக்கு டாப். இன்று ஆட்டோ டாப்பையே எடுத்துக்கொள்கிறேன். கோயிலின் கடைசியில் நிற்கும் தம்பிமார்களில் பாதிப் பேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள், மறையுரை தொடங்கியதும் வெளியே காற்று வாங்கப் போகிறவர்கள். இன்றைக்காவது நிற்கட்டும்.

நம் ஊரில் டாப் சீக்கிரம் போவதற்குக் காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் நின்று யோசித்திருக்க மாட்டீர்கள். டாப் தைக்கிற ரெக்ஸின் என்பது துணிமேல் ஏற்றிய பிளாஸ்டிக் பூச்சு. புதிதில் அது வளைந்து கொடுக்கிறது என்றால் அதில் கலந்திருக்கும் எண்ணெய்ப் பசைதான் காரணம். வெயில் காயக் காய அந்தப் பசை வெளியேறிவிடும். அப்புறம் ரெக்ஸின் விறைத்து, மடிப்பில் கோடு விழுந்து, கோடு வெடிப்பாகும். இது எந்த ஊரிலும் நடக்கும். நமக்குக் கூடுதலாக உப்புக் காற்று இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். டாப்பைத் தாங்கும் இரும்புப் பைப்பில் துரு ஏறிச் சொரசொரப்பாகும். வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அந்தத் துரு ரெக்ஸினை அடியிலிருந்து அராவும். வெளியே பார்த்தால் கறுப்பும் மஞ்சளுமாகப் பளபளப்பாக இருக்கும். மழை வெளியிலிருந்து வருகிறது, சரி. ஆனால் நம் கடற்கரையில் பல வண்டிகளின் டாப் கிழிவது உள்ளேயிருந்துதான்.

அடுத்தது தையல். தைத்த இடமெல்லாம் ஊசி போட்ட துளைதானே. நூல் உறுதியாக இருக்கும்வரை அந்தத் துளையை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். பருத்தி நூல் மக்கிப்போகும், அதனால் கெட்டி நைலான் நூல் போடுகிறார்கள். நல்ல கடைக்காரர் நூலுக்கு மெழுகும் தடவிக்கொள்வார்.

இந்த வேலை செய்யும் குஷன் கடைப் பெரியவர் ஒருவர், ஒழுகும் வண்டியை எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் செய்து காட்டினார். ஒரு பையன் பின்சீட்டில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் செம்பில் தண்ணீர் எடுத்து, உச்சியில் ஊற்றாமல் டாப்பின் கீழ் ஓரத்திலிருந்து தொடங்கினார். கொஞ்சம் ஊற்றுவார், காத்திருப்பார், பையனைக் கேட்பார், பிறகு ஒரு சாண் மேலே ஏறுவார். எடுத்த எடுப்பில் உச்சியில் ஊற்றினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எதுவும் தெரியாது. பையனின் இடது தோளுக்கு நேராகச் சொட்டு விழுந்தபோது பெரியவரின் கை எதிர்ப்பக்கம், முன்கண்ணாடிக்கு மேலே ஒரு தையலில் இருந்தது. அங்கே நுழைந்த தண்ணீர் பைப்பின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து, பைப் எங்கே தாழ்கிறதோ அங்கே சொட்டியது. சொட்டின இடத்தில் ரெக்ஸின் நன்றாக இருந்தது. அந்த வண்டிக்காரர் அதே இடத்தில் ஏற்கெனவே ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஒட்டுப் போட்டு வைத்திருந்தார்.

“சொட்டுற எடத்தப் பாக்காதீங்க சாமி, மேல போங்க” என்றார் பெரியவர்.

நாம் பாவசங்கீர்த்தனத்தில் பெரும்பாலும் சொட்டைத்தான் சொல்கிறோம். யாருடைய சங்கீர்த்தனத்தையும் நான் இங்கே சொல்லவில்லை, பயப்படாதீர்கள். தெருவில் எல்லாருக்கும் கேட்கிற சண்டையைத்தான் சொல்கிறேன். கோபப்பட்டேன் சாமி, பிள்ளையை அடித்துவிட்டேன் என்று ஒருவர் சொல்கிறார். உண்மைதான். ஆனால் பிள்ளை என்ன செய்தது? நோட்டுக்குக் காசு கேட்டது. அப்பா இறந்து பங்கு பிரித்த அன்று அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு சொல், அது இன்றும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. வருஷங்கள் கழித்து, அந்தச் சொல்லைக் கேட்டேயிராத பிள்ளையின் முதுகில் வந்து சொட்டுகிறது. ‘இனிமேல் பிள்ளையை அடிக்க மாட்டேன்’ என்பது நல்ல தீர்மானம். அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காத வரைக்கும் அது நல்ல இடத்தில் போட்ட ஒட்டு, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். டாப்பின் முன்தையல் விட்டுப்போனால் பல நேரம் ஓட்டுகிறவர் நனைவதில்லை. பின்சீட்டில் இருப்பவர் நனைவார். விடியுமுன் உப்பளத்துக்குப் போகிற அக்காமார்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வேலைக்கு இறங்குமுன்பே ஒருத்தியின் முந்தானை ஈரம். ஓட்டுகிறவருக்கு ஒழுகுவதே தெரியாமலும் இருக்கலாம். குடும்பத்தில் யார் ஓட்டுகிறோமோ அவர்கள் பின்னால் இருப்பவர்களைக் கேட்க வேண்டும். கேட்டால் சொல்வார்கள். கேட்பதில்லை.

இப்போது நோன்புக்கு வருகிறேன், ஏனென்றால் கேள்வியே அதைப் பற்றியது. போன மாதக் கடைசியில் காவி உடுத்து, மாதா வண்டியைத் தள்ளிக்கொண்டு, நம் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர்களுக்கு நீங்கள் தண்ணீரும் மோரும் கொடுத்தீர்கள். நம் பங்கிலும் மாலை போட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறப்பு விழா. இந்த நாள்களில் குடி இல்லை, வீட்டில் சத்தம் இல்லை, சம்பளம் முழுதாக வீட்டுக்கு வருகிறது. எல்லாரும் சந்தோஷமாக இருக்க வேண்டும் அல்லவா? சில வீடுகளில் அம்மாக்கள் எட்டாம் தேதி எப்போது வரும் என்று பயந்து பயந்து நாள் எண்ணுகிறார்கள். மாலையைக் கழற்றுகிற அன்று சாயங்காலம் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இயேசு சொன்ன ஒட்டு இதுதான் என்று நினைக்கிறேன். மாற்கு எழுதும்போது, நனைத்துச் சுருக்காத புதுத்துணி பிறகு சுருங்கிப் பழையதை இழுத்துக் கிழிசலைப் பெரிதாக்கும் என்பதைச் சொல்கிறார். லூக்கா இன்னொரு நஷ்டத்தைக் காட்டுகிறார்: ஒட்டுக்காக வெட்டியதால் புது ஆடையும் பாழாகிறது. விரதம் என்ற நல்ல ஆடையும் கெட்டுப்போகிறது. இரண்டு மூன்று ஆண்டு இப்படி நடந்தால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலைமேலேயே நம்பிக்கை போய்விடும். நோன்பு வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லவில்லை. மணமகன் எடுக்கப்படும் நாளில் அவர்கள் நோன்பிருப்பார்கள் என்று அதே இடத்தில் சொல்கிறார். ஓட்டை எங்கே என்று தேடாமல் மேலே ஒன்றைத் தைக்காதே என்கிறார்.

நல்ல ஒட்டு எப்படியிருக்கும் என்று பெரியவரையே கேட்டேன். முதலில் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவ வேண்டும். சவக்காரம் லேசாகப் போதும். மண்ணெண்ணெய், பெட்ரோல், பிளீச்சிங் எதுவும் ஆகாது, ரெக்ஸினின் உயிரையே எடுத்துவிடும். நிழலில் நன்றாகக் காய வேண்டும். ஒட்டுகிற இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். துண்டு அதே கனத்தில் இருக்க வேண்டும்; கனமான துண்டு போட்டால் அதன் விளிம்பிலேயே பழையது வெடிக்கும். மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும், கூர்மூலைதான் முதலில் கிளம்பும். முக்கியமாக, முடிந்தவரை உள்பக்கத்திலிருந்து ஒட்ட வேண்டும். பசையை இரண்டு பக்கமும் தடவி, அது சற்று இறுகும்வரை பொறுத்து, பிறகு அழுத்த வேண்டும். அந்தப் பொறுமைதான் பலருக்கு இல்லை என்றார். வண்டி நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் சவாரி போகிறதே.

வேறு வழி ஒன்று பலர் வைத்திருக்கிறார்கள்: தாரைக் காய்ச்சி மேலே பூசிவிடுவது. கறுப்பாகிவிடும், புதிதுபோல் இருக்கும், ஒரு மழை தாங்கவும் தாங்கும். தாருக்கும் ரெக்ஸினுக்கும் ஆகாது. நாளடைவில் இரண்டும் சேர்ந்து விறைத்து உரியும். அடுத்து யாரும் அதில் ஒட்டுப் போடவும் முடியாது. எசேக்கியேல் 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவருக்குக் கோபம் வருவது இப்படிப்பட்ட வேலைமீதுதான். உறுதியில்லாத சுவரை யாரோ கட்ட, பொய் இறைவாக்கினர் அதன்மேல் சுண்ணாம்பு பூசுகிறார்கள். பெருமழை வரும், சுவர் விழும், பூசின சுண்ணாம்பு எங்கே என்று கேட்பார்கள் என்கிறார். அந்த அதிகாரம் குருக்களாகிய எங்களுக்கும் பொருந்தும். வீட்டில் அடிபட்டு வந்த பெண்ணிடம் ‘பொறுத்துப் போம்மா’ என்று மட்டும் சொல்லி அனுப்புகிற குருவானவரின் கையிலும் சுண்ணாம்புதான் இருக்கிறது.

கூரைத் துணி வேலையை இறைவார்த்தை சின்ன வேலையாக நினைக்கவில்லை. கொரிந்து நகரில் பவுல் ஒன்றரை ஆண்டு தங்கினார்; அக்கிலா, பிரிஸ்கில்லா வீட்டில் இருந்து அவர்களோடு கூடாரத் தொழில் செய்தார் என்கிறது திருத்தூதர் பணிகள் 18ஆம் அதிகாரம். தோல் வேலையா, துணி வேலையா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர் பிறந்த தர்சு நகரம் இருக்கிற சிலிசியா நாடு ஆட்டுமுடித் துணிக்குப் பேர்போனது. விடுதலைப் பயணம் 26இல் சந்திப்புக் கூடாரத்துக்கு ஆண்டவரே அளவு சொல்கிறார்: ஆட்டுமுடியில் 11 விரிப்புகள், ஒவ்வொன்றும் 30 முழம் நீளம், 4 முழம் அகலம். அதற்குமேல் சிவப்புத் தோய்த்த கிடாய்த் தோல், அதற்கும் மேல் வேறொரு தோல். அடுக்கடுக்காக.

வார இறுதியில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு நம் உப்பளத்தைத் தாண்டிப் போகிற கார்களில், கூரையை மடக்கித் திறக்கிற கார் ஒன்றை எப்போதாவது பார்த்திருப்பீர்கள். அந்தத் துணிக்கூரையும் பல கார்களில் மூன்று அடுக்குதான்: மேலே துணி, நடுவில் ரப்பர், உள்ளே துணி. அதற்கும் நம் ஆட்டோவுக்குச் சொன்ன பக்குவமேதான்; உப்பைக் கழுவு, ஈரத்தோடு மடக்காதே. ஒன்று மட்டும் கூடுதல். மழைநீர் வடிவதற்கு அதில் சின்ன வடிகால் துளைகள் உண்டு. இலையும் மண்ணும் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால், துணியில் ஒரு கிழிசலும் இல்லாமலே காலடியில் தண்ணீர் நிற்கும். அப்போது எவ்வளவு விலை உயர்ந்த துணி மாற்றினாலும் பயனில்லை. அங்கேயும் ஓட்டை வேறு, ஒழுகல் வேறு.

புயலுக்கு எந்த டாப் தாங்கும் சாமி என்று நீங்கள் கேட்கலாம். நியாயம். 2020 நவம்பர் 25 இரவு நிவர் நம் பக்கத்திலேயே கரை ஏறியது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்து நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை, உப்பளங்கள் கடலோடு கடலாயின. அந்த நாளுக்கு ஆண்டவரையும் பக்கத்து வீட்டாரையும்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் வண்டிகள் ஒழுகுவது பெரும்பாலும் புயலில் இல்லை, ஐப்பசியின் சாதாரணத் தூறலில். சோம்பலால் கூரை இறங்கும், கைகள் சும்மா இருந்தால் வீடு ஒழுகும் என்ற கருத்தைச் சபை உரையாளர் 10ஆம் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அதில் புயலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கடைசியாக ஒன்று. விரல் நகத்தால் கீறினால் கிழிகிற டாப்புக்கு ஒட்டு நிற்காது. ஊசி போகிற இடமெல்லாம் புதுக் கிழிசலாகும். அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது அடிக்க வேண்டியதுதான். இன்றைய நற்செய்தியின் நேரான பொருளும் இதுவே. அதை நான் மழுப்பவில்லை. ஆண்டவர் பல இடங்களில் நம்மிடம் ஒட்டுப் போட வரவில்லை, மாற்ற வந்திருக்கிறார். ஆனால் டாப் மாற்றும்போது பைப்பை யாரும் தூக்கி எறிவதில்லை. துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, காயவைத்து, அதே பைப்பின்மேல் புதுசை இழுத்துக் கட்டுகிறார்கள். துருவைச் சுரண்டாமல் கட்டினால் அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே கிழிசல். குடியை விடுகிறவர் தனியாக விடுவது கடினம். மருத்துவரிடம் போக வேண்டியிருக்கும், கூட்டாளியை மாற்ற வேண்டியிருக்கும், அண்ணன் வீட்டுக்கு நடக்க வேண்டியிருக்கும். அதெல்லாம் சுரண்டுகிற வேலை. சத்தமும் தூசியும் இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் அந்த நாள்களைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாளை சனிக்கிழமை மாலை 5 மணியிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்திருப்பேன். மாலை போட்டிருக்கிறவர்கள் எட்டாம் தேதிக்குக் காத்திராமல் வாருங்கள். கழற்றுவதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. ஆட்டோக்காரர்கள் வண்டியைக் கோயில் மைதானத்திலேயே நிறுத்துங்கள். குஷன் கடைப் பெரியவர் வருகிறேன் என்றிருக்கிறார், பின்சீட்டில் உட்கார்ந்து சொல்ல இளைஞரணிப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தண்ணீர்த் தொட்டி நிரப்பியிருக்கிறோம். செம்பு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவாருங்கள். கீழ் ஓரத்திலிருந்து ஊற்ற வேண்டும், மறக்காதீர்கள்.