யாருடைய அமைதிக்காக?

அச்சத்தால் அலைக்கழிக்கப்படும் இளைஞன் ஒருவனுக்குக் குடும்ப மருத்துவர் அமைதி மாத்திரை எழுதிக் கொடுப்பது அறமாகுமா? இக்கேள்விக்கு ஆம் என்றோ, ஆகாது என்றோ உடனே விடை கூறிவிடுவோர் நம்மிடையே பலர். அவ்விரு விடைகளும் அவசர விடைகளே.

திருவிடைமருதூருக்கு இக்கேள்வி முற்றிலும் புதிதன்று. தன் குதிரையின் காலடியில் சிக்கி அந்தணர் ஒருவர் மாண்டுபோக, வரகுண பாண்டியனைப் பிரமகத்தி பற்றிக்கொண்டது. அவன் மகாலிங்க சுவாமி கோயிலின் கிழக்கு வாயிலில் நுழைந்ததும் அது வெளியே நின்றுவிட, மன்னன் வேறு வாயில் வழியே வெளியேறினான் என்பது தலவரலாறு. மனத்துயருற்றோரை உறவினர் இன்றும் இவ்வூருக்கு அழைத்து வருகின்றனர். எச்சமயத்தவரும் இக்கதையில் ஒன்றைக் கவனிக்கலாம். பிரமகத்தி அழிந்துவிடவில்லை, வாயிலில் காத்து நிற்கிறது. மாத்திரை தரும் அமைதியின் இயல்பும் ஏறத்தாழ இதுவே.

ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலார் கண்டறிந்த லிப்ரியம் 1960-லும், வேலியம் 1963-லும் விற்பனைக்கு வந்தன. இன்று பெரிதும் வழங்கும் அல்பிரசோலம் இக்குடும்பத்தின் இளைய உறுப்பினர். மூளையில் ‘காபா’ என்னும் வேதிப்பொருளின் அடக்கும் ஆற்றலை இவை பெருக்குகின்றன. படபடப்பு அடங்குகிறது, உறக்கம் வருகிறது. ஆயினும் உடல் விரைவில் பழகிவிடுகிறது. 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் தரலாகாது என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988-லேயே அறிவுறுத்தியது. நெடுநாள் உண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரக்கூடும். எனவே நிறுத்துவதும் மருத்துவரின் துணையோடு, படிப்படியாகவே நிகழ வேண்டும்.

இதனைக் கண்டு, ‘மாத்திரையே வேண்டாம், செபம் போதும்’ என்று கூறுவது பக்தியுமன்று, அறமுமன்று. மருத்துவத்திற்கு அஞ்சி மனநோயாளரைச் சங்கிலியில் பிணைப்பதன் விலையை 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கண்டோம். தீயில் சிக்கி 28 பேர் மாண்டனர். துன்பம் தன்னளவில் புண்ணியமாகிவிடாது. பல இரவுகள் உறங்காத ஒருவனுக்கு ஓர் இரவு உறக்கம் தருவது இரக்கச் செயலே.

அப்படியாயின் தவறு எங்கே? அச்சம் இருவகைப்படும் என்பதை மறப்பதிலேதான். காரணமின்றி நெஞ்சைப் பிசையும் நோயச்சம் ஒன்று. அதற்கு முறையான சிகிச்சை உண்டு. மற்றொன்று உண்மை பேசும் அச்சம். வெளிநாட்டு வேலைக்கென முகவரிடம் கொடுத்த கடன் பணம், மூன்றாம் முறையாகத் தவறிய தேர்வு, மேட்டூரில் நீரில்லாத ஆண்டில் தரிசாய்க் கிடக்கும் நிலம், தறி நின்றுபோன வீடு. இவற்றை எண்ணி நடுங்கும் பிள்ளையின் அச்சம் நம்மிடம் ஏதோ சொல்ல முயல்கிறது. அதன் வாயை மாத்திரையால் அடைத்துவிட்டால், சொல்ல வந்தது சொல்லப்படாமலே போகிறது.

மருத்துவரை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. வெளியே நாற்பது பேர் காத்திருக்க, அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. ‘இவன் ராத்திரியெல்லாம் நடக்கிறான், எங்களுக்கும் தூக்கமில்லை, ஒரு மாத்திரை எழுதுங்க டாக்டர்’ என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பெற்றோரே. இங்குதான் அறத்தின் கேள்வி கூர்மையடைகிறது. அம்மாத்திரை யாருடைய அமைதிக்காக? பிள்ளையின் அமைதிக்கா, வீட்டின் அமைதிக்கா? அவன் விழுங்க, நாம் உறங்குகிறோம் எனில், அவனை நம் வசதிக்கான கருவியாக்கிவிட்டோம்.

2014 மார்ச் முதல் அல்பிரசோலம், டயசிபாம் போன்றவை ‘எச்1’ அட்டவணையில் உள்ளன. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றை எழுதிய பதிவேட்டை மருந்துக்கடைக்காரர் 3 ஆண்டுகள் காக்க வேண்டும். நல்ல சட்டமே. ஆனால் அப்பதிவேட்டில் அச்சத்தின் காரணத்தை எழுதக் கட்டம் இல்லை. அதை எழுதிக்கொள்ள வேண்டிய ஏடு நம் உள்ளமே.

புனித அக்குவினா தோமையார் தம் இறையியல் தொகுப்பில் துயருக்கு ஐந்து மருந்துகளை ஆராய்கிறார்: இன்பம், கண்ணீர், நண்பரின் பரிவு, உண்மையைத் தியானித்தல், உறக்கமும் குளியலும். உறக்கத்தை அவர் இழிவாக எண்ணவில்லை என்பது நமக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் மாத்திரை தரவல்லது அவ்வைந்தில் ஒன்றின் ஒரு பாதியை மட்டுமே. எஞ்சியவற்றை எந்த மருந்துக்கடையும் விற்பதில்லை.

ஆகவே, மனநல மருத்துவர் அருகில் இல்லாத சிற்றூரில் குடும்ப மருத்துவர் மாத்திரை எழுதட்டும். முடியும் நாளையும் அதே சீட்டில் எழுதட்டும். ‘அடுத்த வாரம் வா, பேசுவோம்’ என்று சொல்லட்டும். தேவையெனில் மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அனுப்பட்டும். 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். பெற்றோரோ, மாத்திரை அட்டையை வாங்கிய கையோடு மகனருகில் அமர்ந்து, ‘எதுக்குப்பா பயப்படுறே?’ என்று கேட்கட்டும். விடை கசப்பாய் இருக்கலாம். கடன் நாம் வாங்கியதாகவும், கனவு நாம் திணித்ததாகவும் இருக்கலாம். அதைக் கேட்டபின் சில இரவுகள் நமக்கும் உறக்கம் வராமல் போகலாம். அந்த விழிப்பைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் மாத்திரையின் வேலை விரைவில் முடிந்துவிடும்.