கடைசி இடத்தில் நிற்பவனின் கடமை

நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் லீக் ஆட்டங்களின் புள்ளிப் பட்டியல் வெளிவரும்போது நம் கண் முதல் இரண்டு வரிகளிலேயே நின்றுவிடுகின்றது. முதலிடம் யாருக்கு, கிண்ணம் யாருக்கு என்று அறிந்தவுடன் பக்கத்தைப் புரட்டிவிடுகின்றோம். பத்தாம் இடத்தில் நிற்கும் குழுவும் பதினொன்றாம் இடத்தில் நிற்கும் குழுவும், பருவத்தின் இறுதி வாரத்தில், ஆளில்லாத திடலில், மழையில் நனைந்துகொண்டு ஏன் ஆடுகின்றன என்று நாம் கேட்பதில்லை. வென்றாலும் அவர்களுக்குக் கிண்ணம் இல்லை. தோற்றாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அத்தகைய ஆட்டத்தை முழு வலிமையோடு ஆடவேண்டிய கடமை அவர்களுக்கு உண்டா? உண்டென்றால், அது யாருக்குச் செலுத்தவேண்டிய கடமை?

இக்கேள்வியை எனக்குள் எழுப்பியவர் என் பழைய மாணவர் ஒருவர். தங்காக்கை அடுத்த ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன். 1982இல் நம் நாடு வகுத்த கிழக்கு நோக்கும் கொள்கையின் வழியே ஜப்பானுக்குப் பொறியியல் கற்கச் சென்ற மாணவர் பலருள் அவரும் ஒருவர். படிப்பு முடிந்து ஹமமாட்சு நகரிலேயே பணியில் அமர்ந்துவிட்டார். ஒரு தீபாவளிக்கு ஊர் வந்தவர் என்னைக் காண வந்தார். லேடாங் மலை முகிலுக்குள் மறைந்துகொண்டிருந்த மாலை நேரம். தொழிற்சாலைகளைப் பற்றியும் விரைவு ரயிலைப் பற்றியும் பேசுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவரோ காற்பந்தைப் பற்றிப் பேசினார். அதுவும் நான்காம் படியில் நிற்கும் காற்பந்தைப் பற்றி.

ஜப்பானின் தொழில்முறைக் காற்பந்து லீக் 1993இல் தொடங்கியது. 1999இல் அதற்கு இரண்டாம் பிரிவும் 2014இல் மூன்றாம் பிரிவும் உண்டாயின. இம்மூன்றுக்கும் கீழே நான்காம் படியாக நிற்பது ஜப்பான் காற்பந்து லீக். அதற்கும் கீழே வட்டார லீக்குகள் உள்ளன. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் இந்த நான்காம் படியில் 16 குழுக்கள் ஆடின. ஒவ்வொரு குழுவும் மற்ற ஒவ்வொன்றையும் சொந்தத் திடலில் ஒருமுறை, அயல் திடலில் ஒருமுறை சந்திக்கவேண்டும். ஆகவே ஒரு குழுவுக்கு 30 ஆட்டங்கள். மார்ச்சில் தொடங்கிய பருவம் நவம்பரில் முடிந்தது. உலகத் தொலைக்காட்சிகள் அங்கே எட்டிப்பார்ப்பதில்லை.

அந்த லீக்கில் ஹமமாட்சு நகரைச் சேர்ந்த ஹோண்டா எப்.சி. என்னும் குழு இருக்கின்றது. 1971இல் தோன்றிய நிறுவனக் குழு அது. ஆட்டக்காரர்களுள் பெரும்பாலோர் அந்நிறுவனத்தின் ஊழியர்கள். வேலையும் உண்டு, பயிற்சியும் உண்டு. இவர்கள் 2016 தொடங்கி 2019 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அந்த லீக்கின் முதலிடத்தைப் பெற்றார்கள். 2023இலும் பெற்றார்கள். ஆயினும் மேல் பிரிவுக்கு ஏறவில்லை. ஏற விரும்பவும் இல்லை. நிறுவனக் குழுவாகவே இருப்பது என்று இருந்துவிட்டார்கள். வலிமை இல்லாமையால் ஏறாதவர்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டா. 2019இல் பேரரசர் கிண்ணப் போட்டியில் முதற்பிரிவைச் சேர்ந்த உராவா ரெட்ஸ் குழுவை 2–0 என்னும் கணக்கில் வீழ்த்திக் காலிறுதிவரை சென்றார்கள். அங்கே காஷிமா குழுவிடம் ஒரே ஒரு கோலில் தோற்றார்கள்.

ஜப்பானிய இரசிகர்கள் இவர்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கின்றார்கள்: வாயிற்காவலர். மேலே ஏற விரும்பும் எந்தக் குழுவும் இவர்களைக் கடந்தே செல்லவேண்டும். “மியாகோடா திடலில் அவர்கள் ஆடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஐயா. ஏறப்போவதில்லை என்று தெரிந்தும் ஓர் ஆட்டத்தைக்கூட அவர்கள் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை” என்றார் என் மாணவர்.

அதே லீக்கில் இன்னொருவரையும் குறிப்பிட்டார். 1967இல் பிறந்த கசுயோஷி மியூரா, ஜப்பானின் புகழ்பெற்ற முன்னணி ஆட்டக்காரர், 2022இல் தம் 55ஆம் வயதில் சுசுகா குழுவுக்காக அங்கே ஆடிக் கோலும் அடித்தார். அவ்வயதை ஒட்டி நிற்கும் எனக்குப் பள்ளி மாடிப்படி ஏறுவதற்குள் மூட்டுவலி கண்டுவிடுகின்றது, அது கிடக்கட்டும்.

மாணவர் சென்றபின் நெடுநேரம் நான் அமைதியின்றி இருந்தேன். காரணம் இரண்டு. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகின்றேன். மற்றொன்று என் பிழை, அதைப் பின்னர்ச் சொல்கின்றேன்.

ஏறாமல் இருப்பதைப் புகழும்போது ஒரு தமிழாசிரியனின் நா சற்றுத் தயங்கவேண்டும். “உள்ளதைக் கொண்டு நிறைவடைக” என்னும் உபதேசத்தைத் தோட்டத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள். உபதேசித்தவர்கள் பங்களாவில் இருந்தார்கள். கேட்டவர்கள் லயத்தில் இருந்தார்கள். ஏறாமல் இருக்க முடிவுசெய்வது வேறு. ஏறவிடாமல் நிறுத்தப்படுவது வேறு. ஹோண்டா குழுவின் ஆட்டக்காரர் திடலைவிட்டு வெளியே வந்தால் அவருக்கு நிலையான ஊதியம் காத்திருக்கின்றது. அந்த நிலத்தில் ஊன்றி நின்றுகொண்டு ‘ஏணி வேண்டா’ என்று அவர் சொல்லலாம். செம்பனைக்குள் மறைந்துபோன ஒரு தோட்டத்தின் பிள்ளைக்கு அவ்வாறு சொல்ல எனக்கு உரிமையில்லை. என் பணியே ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான்.

நம்மவர் ஏறியதற்கும் அண்மைய சான்று உண்டு. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழு 2016இல் மூன்றாம் படியான எப்.ஏ.எம். லீக்கில் ஆடியது. 2017இல் பிரீமியர் லீக்குக்கு ஏறியது. 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயருடன் நாட்டின் முதற்பிரிவான சூப்பர் லீக்கில் கால்வைத்தது. அதன் கடைசிப் பருவங்களில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இன்றி, உள்நாட்டு இளைஞர்களைக் கொண்டே பெரிய குழுக்களை எதிர்த்து நின்றது. 2022ஆம் ஆண்டுப் பருவத்தோடு போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. அவர்கள் ஏறியது சரிதான் என்பதே என் கருத்து. ஏறியவர் நிலைக்கவில்லை என்பதைக் காட்டி, ஏறியதே தவறு என்று வாதிடுவோரின் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

ஆகவே ஏறுவதா, நிற்பதா என்னும் வழக்கை நான் தீர்க்க வரவில்லை. ஏற விரும்பும் குழுவும், ஏற விரும்பாத குழுவும், ஏற இயலாத குழுவும் ஒரே பட்டியலில் ஒன்றையொன்று சந்திக்கின்றன அல்லவா, அங்கேதான் என் கேள்வி பிறக்கின்றது.

வெளியேற்றுப் போட்டியில் தோற்றவன் வீட்டுக்குப் போய்விடுகின்றான். அவனுடைய கடமையும் அத்துடன் முடிந்தது. லீக் போட்டியின் இயல்பு அவ்வாறன்று. அங்கே எல்லாரும் எல்லாரோடும் ஆடவேண்டும். முதலிடத்தவனின் புள்ளிகளுள் ஒரு பகுதி கடைசி இடத்தவனிடமிருந்து பெற்றவை. கடைசி இடத்தவன் முதல் வாரத்தில் ஒரு குழுவோடு முழு மூச்சாய் ஆடி, இறுதி வாரத்தில் இன்னொரு குழுவோடு ஏனோதானோவென்று ஆடினால், பட்டியலின் உச்சி பொய்யாகிவிடும். தராசின் தட்டுகளையே நாம் பார்க்கின்றோம். அடியில் கிடக்கும் படிக்கல் தேய்ந்திருந்தால் தட்டு எப்படி உண்மை சொல்லும்?

பயன் கருதாத கடமை என்று இதனை அழைத்து எளிதாகக் கடந்துபோகலாம். மேடைகளில் நாமும் அவ்வாறே பேசிப் பழகியிருக்கின்றோம். நான் சொல்ல வருவது அதுவன்று. இந்தக் கடமைக்குப் பயன் உண்டு. மிகத் தெளிவான பயன். ஆனால் அது பிறருக்கு உரிய பயன். எனக்கு ஒன்றுமில்லாத ஆட்டத்தில் இன்னொருவனின் பருவம் முழுவதும் என் கையில் இருக்கின்றது. அவன் இன்று இந்தத் திடலில்கூட இல்லாமல் இருக்கலாம்.

இதற்குக் காற்பந்து வரலாறு மறவாத சான்று ஒன்று உண்டு. 1982 உலகக் கிண்ணப் போட்டியில், ஸ்பெயின் நாட்டின் கிஹோன் நகரில், ஜூன் 25ஆம் நாள் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. அல்ஜீரியா தன் ஆட்டங்களை முதல் நாளே முடித்துவிட்டுக் காத்திருந்தது. அது மேற்கு ஜெர்மனியை 2–1 என வென்ற குழு. ஜெர்மானியர் ஒரு கோல் வேறுபாட்டில் வென்றால் ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டுமே அடுத்த சுற்றுக்குச் செல்லலாம். தொடக்கத்திலேயே அந்த ஒரு கோல் விழுந்தது. அதன்பின் இரு குழுவினரும் பந்தை அங்குமிங்கும் தட்டிக்கொண்டு நேரத்தைப் போக்கினர். அல்ஜீரியா வெளியேறியது. விதியை மீறினார் என்று எவரையும் சுட்ட முடியவில்லை. 1986 முதல் உலகக் கிண்ணத்தில் ஒரு பிரிவின் இறுதி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்துகின்றார்கள். நேரத்தை ஒழுங்குபடுத்தலாம், ஆடுவோர் உள்ளத்தை ஒழுங்குபடுத்த எந்தச் சங்கத்தின் விதி நூலில் இடமிருக்கின்றது? நம் நாட்டிலும் 1994ஐ ஒட்டி வெடித்த சூதாட்ட ஊழலில் காற்பந்து பட்ட காயத்தை மூத்தோர் அறிவர். காசு கொடுப்பவன் முதலில் தேடுவது, தன் ஆட்டத்துக்குப் பொருளில்லை என்று எண்ணத் தொடங்கிவிட்டவனைத்தான்.

இனி என் பிழைக்கு வருகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்ப்பள்ளிகளுக்கிடையே எழுவர் காற்பந்துப் போட்டி ஒன்று நடந்தது. நூற்றைம்பதுக்கும் குறைவான பிள்ளைகள் பயிலும் பள்ளி எங்களுடையது. ஒன்பது பையன்களைத் திரட்டவே மூன்று வகுப்புகளில் தேடினோம். எங்கள் பிரிவில் நான்கு பள்ளிகள். முதலிரண்டு ஆட்டங்களிலும் தோற்றோம். மூன்றாவது ஆட்டத்தில் வென்றாலும் அடுத்த சுற்று இல்லை. எதிரே நின்ற பள்ளிக்கோ எங்களை மூன்று கோல் வேறுபாட்டில் வென்றால் அடுத்த சுற்று. இல்லையெனில், ஆட்டங்களை முடித்துவிட்டு வேலியோரம் நின்றிருந்த இன்னொரு பள்ளிக்கு அந்த இடம். இக்கணக்கு எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப விரும்பவில்லை.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. வேன் ஓட்டுநர் இரண்டுமுறை கடிகாரத்தைக் காட்டினார். இரு பையன்களுக்குக் காலில் சுளுக்கு. “நமக்கு என்ன இருக்கிறது, ஐயா, புறப்படலாமே” என்றார் உடன்வந்த ஆசிரியர். நான் ஏற்பாட்டாளரிடம் சென்று விலகிக்கொள்வதாகச் சொன்னேன். போட்டி விதிப்படி விலகும் குழு 0–3 எனத் தோற்றதாகக் கொள்வார்கள். எழுதிக்கொண்டார்கள். வேலியோரம் நின்ற பிள்ளைகள் எங்கள் வேன் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அவர்களுள் ஒருவன் இன்னும் காலணியைக் கழற்றவில்லை.

எங்கள் கோல் காவலன் ஐந்தாம் ஆண்டு மாணவன். கை நீண்ட பையன். அந்தக் காலத்தில் ‘ஸ்பைடர்மேன்’ என்று நாடே அழைத்த கோல் காவலர் ஆறுமுகத்தைப் பற்றித் தாத்தா சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். முதல் ஆட்டத்தில் இரண்டு கோல்களும் அடுத்த ஆட்டத்தில் ஒன்றும் விட்டிருந்தான். வேனில் எனக்குப் பின் இருக்கையில் இருந்தவன், வண்டி பிரதான சாலைக்கு வந்தபின் மெல்லக் கேட்டான்:

“ஐயா, ஆடியிருந்தா அவங்க எனக்கு மூணு கோல் போட்டிருப்பாங்களா?”

நான் மழையைப் பார்ப்பவன்போல் வெளியே பார்த்தேன்.

பிள்ளைகளின் உடல்நலத்தை எண்ணியன்றோ விலகினீர், அதில் என்ன பிழை என்று கேட்போர் இருக்கலாம். சுளுக்குக் கண்டவர் இருவர். ஒன்பது பேரில் எஞ்சியவர் எழுவர். எழுவர் ஆட்டத்துக்கு எழுவர் போதும். மழை விழுமுன் ஆட்டமும் முடிந்திருக்கும். நாங்கள் தங்காக் வந்து சேரும்வரை ஒரு துளியும் விழவில்லை. பெருங்காற்றும் இடியும் வந்திருந்தால் நானே முதலில் விலகச் சொல்லியிருப்பேன். எந்த ஆட்டமும் ஒரு பிள்ளையின் உயிருக்கு ஈடாகாது. அன்று என்னை விலகச் செய்தது அந்த அக்கறையன்று. ‘நமக்கு என்ன இருக்கிறது’ என்னும் ஐந்தாறு நொடி நினைப்புத்தான். கடைசி வரிசையில் நெடுங்காலம் நிற்பவர்களிடம் இந்நினைப்பு எளிதில் குடியேறிவிடுகின்றது. நம் செயலால் எதுவும் மாறாது என்று பலமுறை கேட்டவன், தன் செயலால் பிறருக்கு நேர்வதையும் காணாதவனாகிவிடுகின்றான். ஹமமாட்சு நகரத்து ஊழியர்கள் இந்நோய்க்கு ஆளாகாமல் ஆண்டுக்கு 30 முறை திடலில் இறங்குகின்றார்கள் என்று என் மாணவர் சொன்னபோது, எனக்கு அந்த வேனின் பின் இருக்கை நினைவுக்கு வந்தது.

வேலியோரம் நின்ற பிள்ளைகளின் தலைமையாசிரியரை அதன்பின் பலமுறை கூட்டங்களில் சந்தித்திருக்கின்றேன். அவர் அதைப்பற்றி ஒன்றும் கேட்டதில்லை. தேநீர் இடைவேளையில் ஒருமுறை நானே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

அடுத்த ஆண்டும் சென்றோம். அப்போதும் கடைசி இடம்தான். இறுதி ஆட்டத்தை ஆடினோம். நான்கு கோல்கள் வாங்கினோம். அதே பையன்தான் கோல் காவல். ஐந்தாவதாக வந்த பந்தை வலப்பக்கம் பாய்ந்து விரல் நுனியால் வெளியே தள்ளினான். எழுந்தவன் முழங்கையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

முந்திய ஆண்டின் முடிவுத் தாள் பள்ளிக் கோப்பில் இன்னும் இருக்கின்றது. அதில் 0–3 என்றே எழுதியிருக்கின்றது.